முளையில் தெரியாத பயிர்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், பப்பாளிக்கு இப்பழமொழி பொருந்துவதில்லை. ஒரே பழத்திலிருந்து எடுத்த விதைகளை ஒரே நாளில், ஒரே பாத்தியில் ஊன்றுவதாக வைத்துக்கொள்வோம். முளைத்து வரும் கன்றுகள் யாவும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அவற்றுள் எது நீண்ட பழம் தரும், எது உருண்டைப் பழம் தரும், எது பழமே தராமல் நிற்கும் என்று எவராலும் கன்றைப் பார்த்துச் சொல்ல இயலாது. சில மாதங்கள் நீரூற்றி, உரமிட்டு, பூ பூக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இத்தகைய பயிரிலிருந்து ஒரே அளவும் ஒரே வடிவமும் ஒரே சுவையும் கொண்ட பழங்கள் இன்று பேரங்காடிகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இஃது எவ்வாறு நடந்தது? மனிதன் தனக்கு வேண்டிய பண்புகளைக் கொண்ட தாவரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கலந்து, புதிய இரகங்களை உருவாக்கும் கலைக்குப் பயிர்ப் பெருக்கம் என்று பெயர். நம் நாட்டில் உருவான ஒரு பப்பாளி இரகத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கலையை அறிந்துகொள்வோம்.

மூவகை மரங்கள்

பப்பாளியின் தாயகம் மெக்சிகோவின் தென்பகுதியும் மத்திய அமெரிக்காவும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக அது தென்கிழக்காசியாவுக்கு வந்து சேர்ந்தது. நம் மண்ணிலும் தட்பவெப்பத்திலும் அது செழித்து வளர்ந்ததால், இன்று அதனை வெளியூர்ப் பயிர் என்று எவரும் எண்ணுவதில்லை.

பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், இருபால் மரம் என மூவகை உண்டு. ஆண் மரம் நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆனால், பொதுவாகக் காய்ப்பதில்லை. பெண் மரம் உருண்டையான பழங்களைத் தரும். அப்பழங்களின் உள்ளே குழிவு பெரிதாகவும் சதை குறைவாகவும் இருக்கும். இருபால் மரத்தின் பூவில் மகரந்தமும் சூலகமும் ஒருங்கே அமைந்திருக்கும். ஆகவே, அது வேறு மரத்தின் துணையின்றியே காய்க்கும். அதன் பழம் நீண்டு, சதைப்பற்று மிகுந்து காணப்படும். பெட்டியில் அடுக்குவதற்கும் அதுவே ஏற்றது. எனவே, விவசாயிகள் இருபால் மரத்தையே விரும்புகின்றனர்.

இருபால் மரத்தின் பூவில் அதன் சொந்த மகரந்தமே சேர்ந்து உருவான பழத்தின் விதைகளை நட்டால், மூன்றில் இரண்டு பங்கு இருபால் மரங்களும் ஒரு பங்கு பெண் மரங்களும் முளைக்கும். ஆண் மரம் முளைக்காது. இந்தக் கணக்கை அறிந்த விவசாயி, ஒரு குழிக்கு ஒரு கன்று மட்டும் நடமாட்டார்; மூன்று கன்றுகளை நடுவார். மூன்றும் பெண் மரங்களாக அமைந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? மூன்றில் ஒன்றை மூன்று முறை பெருக்கினால் 27இல் ஒன்று என விடை கிடைக்கும். அதாவது, 27 குழிகளுள் ஏறக்குறைய 26 குழிகளில் குறைந்தது ஓர் இருபால் கன்றாவது இருக்கும். பூ வந்ததும் அதனை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுவர். கணிதப் பாடத்தில் நாம் கற்கும் நிகழ்தகவு, பப்பாளித் தோட்டத்தில் இவ்வாறு அன்றாடம் பயன்படுகிறது.

இரு பெற்றோர், இரு குணங்கள்

மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் சிலாங்கூரின் செர்டாங்கில் உள்ளது. ஏற்றுமதிக்கு ஏற்ற பப்பாளி ஒன்றை உருவாக்கும் பணியில் அதன் ஆய்வாளர்கள் ஈடுபட்டனர். பப்பாளிப் பெருக்க ஆய்வுக்கு டாக்டர் சான் யிங் குவோக் தலைமை ஏற்றார்.

அவர்கள் முன் இரண்டு இரகங்கள் இருந்தன. ஒன்று ‘சன்ரைஸ் சோலோ’. ஹவாயித் தீவுகளில் உருவாக்கப்பட்ட இந்த இரகம், 1911ஆம் ஆண்டில் பார்படோஸ் தீவிலிருந்து ஹவாயிக்குக் கொண்டு செல்லப்பட்ட சோலோ பப்பாளியின் வழிவந்தது. அதன் சதை செம்மை கலந்தது. தித்திப்பும் மணமும் மிக்கது. ஆனால், பழம் சிறியது. மற்றொன்று, நம் நாட்டு இரகமான ‘சுபாங் 6’. அதன் பழம் பெரியது. மரமும் நம் சூழலுக்குப் பழகியது. ஆனால், இனிமையிலும் மணத்திலும் அது சோலோவுக்கு ஈடாகவில்லை.

ஒன்றிடம் சுவை இருந்தது. மற்றொன்றிடம் பருமனும் நம் மண்ணில் வளரும் ஆற்றலும் இருந்தன. இரண்டையும் ஒரே மரத்தில் காண்பதே ஆய்வாளர்களின் நோக்கமாகும்.

இதற்கான முதற்படி மிக எளியது போல் தோன்றும். தாயாகத் தேர்ந்தெடுத்த மரத்தின் பூ மொட்டாக இருக்கும்போதே அதிலுள்ள மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கிவிடுவர். பின்னர், மற்ற இரகத்தின் மகரந்தத்தைக் கொணர்ந்து அதன் சூலகமுடியில் தடவுவர். காற்றோ பூச்சியோ வேறு மகரந்தத்தைச் சேர்த்துவிடாதபடி பூவைக் காகித உறையால் மூடுவர். நாளையும் பெற்றோர் பெயரையும் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவர். பழம் முதிரச் சில மாதங்கள் ஆகும். அப்பழத்தின் விதைகளை நட்டு, வளர்ந்த மரங்கள் காய்த்துப் பழுத்த பின்னரே விடை தெரியவரும். ஒரு தலைமுறையைக் கடக்க ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். பயிர்ப் பெருக்கத்தில் கைத்திறனைவிடப் பொறுமைக்கே வேலை அதிகம்.

மீண்டும் மீண்டும் கலத்தல்

இரு இரகங்களைக் கலந்ததும் நாம் விரும்பும் பழம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. முதல் தலைமுறைக் கன்று இரு பெற்றோரிடமிருந்தும் சரிபாதியாக மரபணுக்களைப் பெறும். நாம் வேண்டிய பண்புகளோடு வேண்டாத பண்புகளும் சேர்ந்தே வரும். இச்சிக்கலைத் தீர்க்க மார்டி ஆய்வாளர்கள் பின்பற்றிய முறைக்குப் பிற்கலப்பு என்று பெயர்.

பிற்கலப்பை ஒரு மணிமாலையைக் கொண்டு விளக்கலாம். சன்ரைஸ் சோலோவின் மரபணுக்களைச் சிவப்பு மணிகளாகவும் சுபாங் 6இன் மரபணுக்களை நீல மணிகளாகவும் எண்ணிக்கொள்வோம். முதல் தலைமுறையில் பாதி சிவப்பு, பாதி நீலம். அதனை மீண்டும் சன்ரைஸ் சோலோவுடனேயே கலந்தால் சராசரியாக 75 விழுக்காடு மணிகள் சிவப்பாகும். மறுபடியும் அவ்வாறே கலந்தால் 87.5 விழுக்காடு, இன்னொரு முறை கலந்தால் 93.75 விழுக்காடு. இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் நீல மணிகள் பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

எஞ்சி நிற்கும் நீல மணிகள் எவை என்பதில்தான் ஆய்வாளரின் திறமை அடங்கியுள்ளது. ஒவ்வொரு தலைமுறையிலும் பல கன்றுகளை வளர்த்து, பழத்தை எடை போட்டு, சதையின் தடிமனை அளந்து, இனிப்பைச் சோதித்து, வேண்டிய நீல மணிகளைச் சுமந்திருக்கும் மரத்தை மட்டுமே அடுத்த கலப்புக்குத் தேர்ந்தெடுப்பர். மற்றவை கழிக்கப்படும். தேர்ந்தெடுத்தவற்றைப் பின்னர்த் தன்மகரந்தச் சேர்க்கையால் பெருக்கி, பண்புகளை நிலைநிறுத்துவர்.

இவ்வாறு உருவான ‘எக்சோட்டிகா’ 1987ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சோலோவின் சுவையும் மணமும் செஞ்சதையும் அதில் இருந்தன. பழமோ சோலோவைவிடப் பெரியதாக அமைந்தது. 1991ஆம் ஆண்டில் ‘எக்சோட்டிகா 2’ வெளிவந்தது. இது நெருங்கிய உறவுடைய இரு வழிகளைக் கலந்து பெற்ற கலப்பினம். விளைச்சல் கூடியது, தோலில் தோன்றும் புள்ளிகளும் குறைந்தன. மலேசியப் பப்பாளி சிங்கப்பூர், ஹாங்காங் முதலிய சந்தைகளுக்குக் கப்பலேறியது. உலகின் முன்னணிப் பப்பாளி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக நம் நாடு திகழ்ந்தது.

வெற்றியில் மறைந்திருந்த ஆபத்து

2003ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் பகுதியில் பப்பாளி மரங்கள் விந்தையான முறையில் மடியத் தொடங்கின. முதலில் இலையிலும் இலைக்காம்பிலும் நீர் தோய்ந்தது போன்ற கரும்பசுமைத் திட்டுகள் தோன்றின. பின்னர்க் குருத்து அழுகிச் சாய்ந்தது. காய்கள் இருந்த நிலையிலேயே மரம் பட்டுப்போனது. ‘எர்வினியா’ என்னும் பாக்டீரியா வகையால் ஏற்படும் நுனிக்கருகல் நோய் அது. சில ஆண்டுகளுக்குள் மற்ற மாநிலங்களுக்கும் பரவி, இலட்சக்கணக்கான மரங்களை அழித்தது.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை வெட்டி அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்கும் வழியாக இருந்தது. ஒரு பப்பாளி விவசாயியின் நிலையில் நின்று இதனை எண்ணிப் பாருங்கள். பப்பாளி ஓராண்டுக்குள் காய்க்கத் தொடங்கும் பயிர். நிலத்தைப் பண்படுத்தவும் கன்று வாங்கவும் உரமிடவும் செலவழித்த பணத்தைப் பழம் விற்றுத்தான் மீட்க வேண்டும். மரங்கள் காய்த்துக் குலுங்கும் வேளையில், தம் கையாலேயே அவற்றை வெட்டிச் சாய்க்க வேண்டிய நிலைக்குப் பலர் ஆளாயினர். சிலர் பப்பாளியைக் கைவிட்டு வேறு பயிர்களுக்கு மாறினர்.

எக்சோட்டிகா இந்நோய்க்கு எளிதில் இரையானது. ஏன்? அந்த இரகம் உருவான காலத்தில் ஆய்வாளர்கள் சுவை, அளவு, விளைச்சல் ஆகியவற்றை நோக்கியே மரங்களைத் தேர்ந்தெடுத்தனர். இந்நோய் அப்போது நம் நாட்டுத் தோட்டங்களில் பெருஞ்சிக்கலாக இருந்ததில்லை. இல்லாத எதிரியை எதிர்க்கும் ஆற்றலுக்காக எவரும் மரத்தைச் சோதிப்பதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சந்தை ஒரே மாதிரியான பழத்தைக் கேட்கிறது. ஆகவே, ஒரே மாதிரியான மரங்கள் வேண்டும். ஒரே மாதிரியான மரங்கள் என்றால் ஏறத்தாழ ஒரே மாதிரியான மரபணுக்கள் என்று பொருள். பல வகை மரங்கள் கலந்திருக்கும் தோட்டத்தில் நோய் புகுந்தால், சில மடியும், சில தாங்கும். மரபணுவில் ஒத்த மரங்கள் மட்டுமே உள்ள தோட்டத்தில் ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். எக்சோட்டிகாவுக்குப் பெருமை தேடித் தந்த சீர்மையே அதன் பலவீனமாகவும் மாறியது.

ஹவாயி தேர்ந்த வழி

பப்பாளி விவசாயிகளுக்கு இத்தகைய சோதனை இதற்கு முன்பும் வேறோர் இடத்தில் நேர்ந்துள்ளது. சோலோ பப்பாளி புகழ்பெற்ற ஹவாயியில், அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வளையப்புள்ளி நச்சுயிரி பெருந்தொல்லையாக விளங்கியது. ஹவாயியின் பப்பாளியுள் பெரும்பகுதி பூனா என்னும் வட்டாரத்தில் விளைந்தது. 1992ஆம் ஆண்டில் அந்த நச்சுயிரி பூனாவுக்குள் புகுந்தது. 1998ஆம் ஆண்டுக்குள் அங்கே விளைச்சல் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது.

ஹவாயியில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டென்னிஸ் கொன்சால்வெஸ் என்ற தாவர நோயியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1980களிலேயே இதற்குத் தீர்வு தேடத் தொடங்கியிருந்தனர். அவர்கள் பூவோடு பூவைக் கலக்கும் வழியை மட்டும் நம்பவில்லை. அந்த நச்சுயிரியின் மேலுறைப் புரதத்திற்கான மரபணுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பப்பாளித் திசுக்களுக்குள் செலுத்தினர். அம்மரபணுவைச் சுமந்த செடி, அதே நச்சுயிரி உள்ளே நுழையும்போது அதனை அடையாளம் கண்டு, பெருகவிடாமல் சிதைத்துவிடும். இவ்வாறு உருவான இரகமே ‘சன்அப்’.

இருப்பினும், ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. சன்அப் செஞ்சதைப் பழம். பூனா விவசாயிகளோ ‘கப்போஹோ’ என்னும் மஞ்சள் சதைப் பழத்தை விளைவித்து விற்றுப் பழகியவர்கள். ஆகவே, ஆய்வாளர்கள் மீண்டும் பழைய முறைக்கே திரும்பினர். சன்அப்பையும் கப்போஹோவையும் பூவோடு பூவாகக் கலந்தனர். பப்பாளியில் மஞ்சள் சதைப் பண்பு ஓங்கு பண்பு. சிவப்புச் சதைப் பண்பு ஒடுங்கு பண்பு. ஆதலால், கலப்பினக் கன்றுகள் அனைத்தும் மஞ்சள் சதைப் பழங்களையே தந்தன. நோயையும் எதிர்த்து நின்றன. ‘ரெயின்போ’ எனப் பெயரிடப்பட்ட இந்த இரகத்தின் விதைகள் 1998ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. பூனாவின் பப்பாளித் தொழில் மீண்டும் தலைநிமிர்ந்தது. அதே இரகத்தின் பெற்றோரான சன்அப்பின் முழு மரபணுத் தொகுப்பும் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

மரபணு மாற்றப்பட்ட பழத்தை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டதாகக் கூற முடியாது. இயற்கை முறை விவசாயிகள் தங்கள் மரங்களில் அதன் மகரந்தம் கலந்துவிடுமோ என்று அஞ்சினர். ஹவாயிப் பப்பாளியின் முக்கியச் சந்தையான ஜப்பான், 2011ஆம் ஆண்டில்தான் அதன் இறக்குமதிக்கு வழிவிட்டது. நம் நாட்டிலும் இத்தகைய பயிர்களைக் கண்காணிக்க 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஒரு பயிரை ஆய்வுக்கூடத்தில் உருவாக்குவது ஒரு வேலை. அதன் மீது மக்களின் நம்பிக்கையைப் பெறுவது மற்றொரு வேலை. இரண்டும் நிறைவேறினால்தான் விவசாயி பயனடைவார்.

பழைய மரங்களின் அருமை

ஹவாயியின் தீர்வை அப்படியே நம் நாட்டில் பயன்படுத்த இயலாது. அங்கே பகை நச்சுயிரி. இங்கே பகை பாக்டீரியா. நோய்க்கு நோய் மருந்து வேறுபடுவது போல், பயிருக்கான தீர்வும் வேறுபடும். நம் ஆய்வாளர்கள் நுனிக்கருகல் நோயைத் தாங்கும் தன்மை கொண்ட பப்பாளி இரகங்களைத் தேடி, அவற்றை எக்சோட்டிகாவுடன் கலந்து, சுவையும் கெடாமல் நோயையும் தாங்கும் வழித்தோன்றல்களைத் தேர்ந்தெடுக்க முனைந்துள்ளனர். மீண்டும் அதே இடுக்கி, அதே காகித உறை, அதே காத்திருப்பு.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். நோயைத் தாங்கும் மரபணுவை வெறுங்கையால் படைக்க முடியாது. அஃது எங்கேயோ ஒரு மரத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த மரம் சந்தைக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம். பழம் சப்பென்று இருக்கலாம், தோல் தடித்திருக்கலாம், வடிவம் கோணலாக இருக்கலாம். “இதனால் என்ன பயன்?” என்று வெட்டி வீழ்த்தியிருந்தால், அதனுள் இருந்த ஆற்றலும் சேர்ந்தே அழிந்திருக்கும். இதற்காகவே பல நாடுகளில் மரபணு வங்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. விதையாகவோ, செடியாகவோ, குளிரூட்டிய திசுவாகவோ பயிர்களின் பல்வேறு வகைகளை அவை பாதுகாக்கின்றன. இன்று பயனற்றதாகத் தோன்றும் ஒரு வகை, நாளை ஒரு நோய் வரும்போது தேவைப்படலாம்.

வங்கிகளில் மட்டுமல்லாமல், கம்பத்து வீடுகளின் கொல்லைப்புறங்களிலும் இத்தகைய செல்வம் உண்டு. யாரும் நட்டு வைக்காமல், பறவை உண்டு எறிந்த விதையிலிருந்து முளைத்த பப்பாளியும் தனக்கே உரிய மரபணுச் சேர்க்கையைக் கொண்டிருக்கும். அம்மரங்கள் யாவும் அரியவை என்று கூற முடியாது. ஆயினும், அவற்றின் வேறுபாடுகளே பயிர்ப் பெருக்க வல்லுநரின் மூலப்பொருள். எல்லா இடத்திலும் ஒரே இரகம் மட்டுமே எஞ்சினால், அடுத்த கலப்புக்கு எதைத் தேடிப் போவது?

எக்சோட்டிகாவின் வரலாறு, நல்ல இரகத்தை உருவாக்கியதும் பணி முடிந்துவிடுவதில்லை என்பதை உணர்த்துகிறது. நோய்க்கிருமிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மழையும் வெயிலும் பருவம் தவறுகின்றன. சந்தையின் விருப்பமும் மாறுகிறது. அவற்றுக்கு ஈடுகொடுத்துப் பயிரும் தலைமுறைக்குத் தலைமுறை மேம்பட வேண்டும். அந்தப் பணியில் தோட்டத்தில் குனிந்து மகரந்தம் சேர்ப்பவரும், ஆய்வுக்கூடத்தில் மரபணுவை ஆராய்பவரும், புதிய இரகத்தைத் துணிந்து நடும் விவசாயியும், பழைய இரகத்தை அழியாமல் காப்பவரும் பங்குதாரர்களே. அடுத்த முறை பப்பாளியை அறுக்கும்போது உள்ளே நிறைந்திருக்கும் கரிய விதைகளைச் சற்று உற்று நோக்குங்கள். குப்பையில் கொட்டும் அவ்விதைகளுள் எதில் என்ன ஆற்றல் உறங்குகிறது என்பது, முளைத்த பின்னும் நமக்குத் தெரியாது. வளர்த்துப் பார்த்தவர்களுக்கே அது தெரியவந்திருக்கிறது.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ஒரு குழிக்கு இரண்டு கன்றுகள் மட்டும் நட்டால், இரண்டும் பெண் மரங்களாக அமையும் வாய்ப்பு எவ்வளவு? மூன்று கன்றுகள் நடுவதால் விவசாயிக்குக் கூடும் செலவும் கிடைக்கும் நன்மையும் யாவை?

2. பிற்கலப்பை நான்காவது முறையாகச் செய்தால் சிவப்பு மணிகள் சராசரியாக எத்தனை விழுக்காடு இருக்கும்? அவ்வாறு தொடர்ந்து செய்துகொண்டே போவதில் உள்ள குறை என்ன?

3. ‘எக்சோட்டிகாவுக்குப் பெருமை தேடித் தந்த சீர்மையே அதன் பலவீனமாகவும் மாறியது.’ இக்கருத்தை உமது சொந்தச் சொற்களில் விளக்குக.

4. விவசாயி, பயனீட்டாளர், ஆய்வாளர் ஆகிய மூவருள் ஒருவராக உம்மைக் கருதிக்கொண்டு, மரபணு மாற்றப்பட்ட பப்பாளியைப் பற்றிய உமது நிலைப்பாட்டைக் காரணங்களுடன் கூறுக.